துரையின் மூச்சு

டிசம்பர் 3, செவ்வாய்

டாக்டர் சொல்லி அனுப்பியது: நடந்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். இரண்டும் குழம்பினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

நடந்தது.

காலை மாத்திரை எட்டு மணிக்கு. கேஸ் கீசர் மாட்ட ஆள் வந்தார். பழைய மின்சாரக் கீசரும் மீன் தொட்டியின் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் இந்த வீட்டில் ஃபியூஸ் போய்விடுகிறது. இரண்டில் ஒன்றுதான் என்றானபோது மாமா மீனின் பக்கம் நின்றார். அக்காவின் கணவர், தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். குன்னூரில், கடலிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில், வாடகை வீட்டுக் கூடத்தில் முந்நூறு லிட்டர் கடல் வைத்திருக்கிறார். பொட்டலத்தில் வரும் உப்பைக் கலக்கிச் செய்த கடல்.

கீசரைக் குளியலறைச் சுவரில் மாட்டினார்கள். சமையலறைக் குழாய்க்கும் அதிலிருந்தே வெந்நீர். ஆள் வேலையை முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "மேல சின்ன ஜன்னல் இருக்குதுங்கல்ல. அது போதும்."

அக்காவுக்கு ஏழாம் மாதம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எடுத்திருக்கிறாள். "இனிமே பாத்திரம் வெளக்குனா விரல் மரத்துப் போகாதுடா" என்று வெந்நீரில் கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றாள்.

எனக்கு இந்த வீட்டில் ஒரு வேலை. மீனைப் பார்த்துக்கொள்வது.


டிசம்பர் 4, புதன்

மீன் ஒன்றே ஒன்று. பவுடர் புளூ டேங் என்று பெயர். உள்ளங்கை அகலம். நீல உடம்பு, கறுத்த முகம், மஞ்சள் முதுகுத் துடுப்பு, தாடைக்குக் கீழே வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளை, சட்டைக் காலர் போல இருக்கிறதென்று அக்கா அதற்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறாள். "எஸ்டேட் துரையேதான். பாரு, ரவுண்ட்ஸ் போறதக் கூட."

இடமிருந்து வலம், பாறையை ஒரு சுற்று, வலமிருந்து இடம். நாள் முழுக்க.

மாமா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெப்பம் 25. உப்பளவு 1.025. தண்ணீரின் பி.எச். 8.2. செவுள் அசைவு நிமிடத்துக்கு எண்பது. எது மாறினாலும் சொல்ல வேண்டும்.

எண்களை எழுதுவது பிடித்திருக்கிறது. எண்ணை நினைத்துக்கொள்ள முடியாது. பார்த்தால்தான் உண்டு.


டிசம்பர் 6, வெள்ளி

நேற்று இரவு உறைபனி. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. தொட்டியில் 22 டிகிரி. துரை ஹீட்டரை ஒட்டி நின்றிருந்தது.

மதியம் மாமா டேப்பும் தெர்மாகோலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கூடத்து ஜன்னல்களின் இடுக்கையெல்லாம் ஒட்டினோம். அப்படியும் தரையோடு ஒரு குளிர் ஊர்ந்து வந்தது. கையை வைத்துத் தேடிப் பார்த்தோம். குளியலறைக் கதவின் அடியிலிருந்து. உள்ளே அந்தச் சின்ன ஜன்னல்.

ஸ்டூலில் ஏறி நான் அளந்தேன். ஜன்னல் அளவுக்குத் தெர்மாகோலைச் சமையலறைக் கத்தியால் நானே வெட்டினேன். ஒரே முறை. மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்தது. மாமா தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இன்ஜினியர் தோத்தான் போ."

எட்டு மாதத்தில் என் கையால் சரியாக முடிந்த முதல் வேலை. இது நினைத்தது அல்ல. நடந்தது.


டிசம்பர் 7, சனி

25 டிகிரி. அக்கா: "முட்டைக்குள்ள இருக்கற மாதிரி இருக்குது வீடு."


டிசம்பர் 8, ஞாயிறு

மாமா வீட்டில் இருந்தார். சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தார். நேற்று நண்பர் ஒருவரின் புது வீட்டுக்குப் போய் வந்ததன் விளைவு என்று அக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"ரெண்டே ரெண்டு பிருந்தா. சத்தியமா."

"ரெண்டுக்கு இப்படி வலிச்சா நாலு குடிச்சுருக்கலாம். காசாவது தகும்."

எனக்கும் லேசாகத் தலைவலி. நான் குடிக்கவில்லை. சொல்லவும் இல்லை.


டிசம்பர் 9, திங்கள்

துரை ரவுண்ட்ஸ் போகவில்லை.

பம்ப் தண்ணீரைத் தள்ளும் வாய்க்கு நேராக நிற்கிறது. விழுகிற தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. அதன் தீனியான பாசித்தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டேன். தொடவில்லை. செவுள் நூற்றுப் பத்து.

திடீரென்று பாறையின் மீது பாய்ந்து உடம்பை உரசியது. பிறகு மறுபடி பம்ப் வாய். நீலம் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கிறது. பயந்தால் இந்த மீன் நிறம் மாறும் என்று படித்தேன்.

எதற்குப் பயம்? தொட்டியில் வேறு மீன் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நான் மட்டும்தான்.

அக்கா காலையில் வாந்தி எடுத்தாள். "ஏழாம் மாசத்துல என்னடா வாந்தி? மொதல்லயிருந்து ஆரம்பிக்குதா?"


டிசம்பர் 10, செவ்வாய்

செவுள் 114. வெப்பம், உப்பு சரி.

ஒன்றை எழுதிவிட வேண்டும். எழுதாததால் அது நாள் முழுக்க அறையில் நிற்கிறது.

மார்ச் மாதம். பல்கலைக்கழக விடுதி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றுதான் எழுத முடிகிறது. சந்தேகம் அல்ல. இரண்டு நாள் அறை அறையாகப் போய்ச் சொன்னேன். மூன்றாம் நாள் அதிகாலை மேலே ஏறிக் கம்பியால் குழாய்களை உடைத்தேன். இருநூறு பேருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நல்ல தண்ணீர்.

பிறகு கோவையில் ஆஸ்பத்திரி. பிறகு அக்கா வீடு.

அப்போதும் முதலில் தலைவலிதான் வந்தது.


டிசம்பர் 11, புதன்

கோவை உக்கடத்தில் மீன் கடை வைத்திருக்கும் இப்ராஹிம் பாய்க்குப் போன் செய்தேன். துரையை விற்றவர் அவர்.

"தம்பி, பவுடர் புளூ கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி. காரணமே இல்லாம கோவிச்சுக்கும். ஒவ்வொண்ணா பாப்போம். உடம்புல உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி?"

"இல்லைங்க பாய்."

"அமோனியா?"

"பூஜ்யம்."

"நைட்ரைட்?"

"அதுவும்."

"புதுசா கல்லு கில்லு, பெயின்ட், கொசு மருந்து?"

"எதுவும் இல்லைங்க."

"பி.எச்.?"

குழாயில் ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஊதா வர வேண்டும். பழுப்புத்தான் வந்தது. 7.8.

"ஆங். கொறஞ்சுருக்குது. ஒரு தூள் அனுப்பறேன், பஸ்ல போட்டுவிடறேன். காலைல ஒரு ஸ்பூன். ஒண்ணே ஒண்ணு. கூடப் போச்சுன்னா மீன் செத்துரும்."


டிசம்பர் 12, வியாழன்

தூள் போட்ட இரண்டு மணி நேரத்தில் 8.1. மாலை 7.8. பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் மறந்துவிட்டது. சூடான பாத்திரத்தை இறக்குகிற துணிக்கு என்ன பெயர். அவளும் யோசித்தாள். இரண்டு பேருக்கும் வரவில்லை. சிரித்தோம். அவள் சிரித்து முடித்த பிறகும் எனக்கு வரவில்லை.


டிசம்பர் 13, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் தூள் டப்பாவைத் திறந்தபோது ஸ்பூன் ஏற்கனவே ஈரமாக இருந்தது. போட்டுவிட்டேனா? போட்டதாக நினைவில்லை. போடாததாகவும் நினைவில்லை. நோட்டில் எதுவும் இல்லை. டப்பாவில் அளவு குறைந்த மாதிரி இருக்கிறது. துரை தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் 126.

ஸ்பூனை நனைத்த கை என்னுடையதா? மீனுக்கு இப்படி ஆவதற்குக் காரணம் நானாக இருந்தால்?

அக்கா வெள்ளிக்கிழமைத் தலைக்குளியல். எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு முக்கால் மணி நேரம். கீசர் சீறிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதியம் வரை எழவில்லை. முகம் சிவந்திருந்தது. மாமா வந்ததும் "களை வந்துருச்சு பிருந்தா உனக்கு" என்றார்.

"தல வெடிக்குது. களையாம்."


டிசம்பர் 14, சனி

அக்காவுக்கு மாதப் பரிசோதனை. நானும் போனேன். ரத்த அழுத்தம் சரி. குழந்தையின் இதயத் துடிப்பு சரி. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார்.

"அதிசயம் பாரேன். ஆஸ்பத்திரி வாசல்லயே தலவலி போயிருச்சு. ஊசி போட்டுருவாங்கன்னு பயந்துக்கிச்சு" என்றாள் அக்கா. பஸ் ஸ்டாண்டில் வர்க்கி வாங்கி இரண்டு பேரும் நின்றபடியே தின்றோம். மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு வந்தோம். என் தலையும் தெளிவாக இருந்தது. கைப்பிடித் துணி. அந்தச் சொல் மார்க்கெட்டில் வந்தது.

வீடு திரும்பிய ஒரு மணி நேரத்தில் மறுபடியும் வலி.

ஆக, வலி தலையில் இல்லை. வீட்டில் இருக்கிறது. அப்படியென்றால் நான் இந்த வீட்டைப் பார்த்துப் பயப்படுகிறேன். விடுதியைப் பார்த்தும் இப்படித்தான் பயந்தேன்.


டிசம்பர் 15, ஞாயிறு

மாமாவுக்கும் தலைவலி. இந்த முறை அவர் எங்கும் போகவில்லை. குளிர் என்றார்.

காலை மாத்திரைகள் இரண்டில் ஒன்றைப் போடாமல் விட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம். போட்டுவிட்டேன்.


டிசம்பர் 16, திங்கள்

காலை ஐந்து மணிக்குச் சோதனைக் குழாயோடு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாமா எழுந்து வந்தார். விளக்கைப் போடவில்லை.

"எத்தன நாளா இந்த நேரத்துக்கு எந்திரிக்கற?"

"மூணு நாளா. காலையிலதான் ரொம்பக் கம்மியா இருக்குது மாமா. 7.7."

"உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நவநீதா, மீனு போனாப் போகுது. இன்னொண்ணு வாங்கிக்கலாம். டப்பாவுல தூளு கொறஞ்சிருக்குது, ரெண்டு தடவ போட்டியான்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஆனா அக்கா காதுல இதெல்லாம் போடாத. தண்ணி சரியில்ல, அது சரியில்ல, இது சரியில்லன்னு. மாசமா இருக்கறவ. போன தடவ தண்ணித் தொட்டி. இப்ப மீன் தொட்டி."

மாப்ள என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

"இந்த வாரம் பாப்போம். ஞாயித்துக்கெழம கோயமுத்தூரு போயி டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம். ஒரு தடவ பாக்கறதுதான். சேக்கறதுக்கெல்லாம் இல்ல."

சேர்ப்பது என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

தலையை ஆட்டினேன். இருட்டில் தெரிந்திருக்காது. "சரிங்க மாமா" என்றேன்.


டிசம்பர் 17, செவ்வாய்

செவுள் 131. நிறம் சாம்பல். இன்னும் ஐந்து நாள்.


டிசம்பர் 18, புதன்

பாய்தான் கூப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. மீன் போனால் போகட்டும் என்ற மாமாவிடம் சரி என்றிருக்கிறேன்.

"என்ன தம்பி, சம்பந்தி சமாதானம் ஆனாரா?"

சொன்னேன். தூள் போட்டால் ஏறுகிறது, மாலைக்குள் இறங்கிவிடுகிறது, காலையில் இன்னும் கீழே.

 பின்னால் யாரோ குப்பி மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு செய்யுங்க. தொட்டித் தண்ணி ரெண்டு டம்ளர் எடுங்க. ஒண்ண வீட்டுக்கு வெளிய, திறந்த வெளில வச்சு ஏர் பம்ப்ல ஒரு மணி நேரம் காத்து விடுங்க. இன்னொண்ணுக்கு வீட்டுக்குள்ளயே அதே மாதிரி. அப்பறம் ரெண்டையும் அளந்து பாருங்க. வெளிய ஏறி உள்ள ஏறலைன்னா, தண்ணில ஒண்ணும் இல்ல. வீட்டுக் காத்துதான் சரியில்ல. கதவு ஜன்னலச் சாத்தியே வச்சிருந்தா கரியமில வாயு சேந்து தண்ணில கரையும், பி.எச். எறங்கிரும். தொறந்து விட்டுட்டாப் போச்சு."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்திருந்தேன்.


டிசம்பர் 19, வியாழன்

மதியம் அக்கா தூங்கும்போது செய்தேன். பின்கட்டில், துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு டம்ளர். கூடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு மணி நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

உள்ளே 7.7. பழுப்பு.

வெளியே 8.2. ஊதா. இந்தக் குழாயில் இரண்டு வாரமாக நான் பார்க்காத நிறம்.

தண்ணீர் நன்றாக இருக்கிறது. தூள் அதிகமாகிவிடவில்லை. துரைக்கு நான் எதுவும் செய்யவில்லை.

கால் நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்த வாக்கியம் வந்தது. வீட்டுக் காற்று சரியில்லை.

மார்ச்சில் நான் அறை அறையாகச் சொன்னது இதே வாக்கியம். ஒரு சொல்தான் வேறு. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? மாமா, இப்போது தண்ணீர் இல்லை, காற்று. ஞாயிறு வரைகூடக் காத்திருக்க மாட்டார். சொல்வது நானாக இருந்தால் நானே என்னை நம்பமாட்டேன்.

மூன்று முறை செய்ய வேண்டும். மூன்று முறையும் ஒரே எண் வந்தால் சொல்லலாம். நாளை, மறுநாள். ஆராய்ச்சி மாணவனுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

கூடத்து ஜன்னலில் டேப்பைக் கொஞ்சம் உரித்து இரண்டு விரல் அளவு திறந்து வைத்தேன். அக்கா எழுந்து வந்து சாத்தினாள்.

"ஏண்டா தொறந்தே?"

"சும்மாக்கா."

"துரைக்குக் குளிரும்டா. எனக்கும்தான்."

காற்றைக் கெடுப்பது எது? மூன்று பேரின் மூச்சு. அடுப்பு. சாமி விளக்கு. எது எரிகிறதோ அது. இது நினைப்பது. நிறுத்துகிறேன்.


டிசம்பர் 20, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. மாலை நான்கு மணி. நர்ஸ் கொடுத்த தாள், கேஸ் ஷீட்டின் பின்பக்கம். வரிசையாக எழுத முயல்கிறேன்.

மாமா ஏழு மணிக்கு வேலைக்குப் போனார். ஒன்பதே முக்காலுக்கு அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனாள். நான் இரண்டாம் முறைக்காக டம்ளரோடு பின்கட்டில் இருந்தேன். பனிமூட்டம். பத்தரைக்கு வெளி டம்ளரை அளந்தேன். ஊதா. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்குப் போய் உள் டம்ளரை அளந்தேன். பழுப்பை விடவும் மஞ்சள். அட்டையில் அந்த நிறமே இல்லை.

துரை ஒருக்களித்து மேலே மிதந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணத் தொடங்கினேன். எண்ணும்போது வேறொரு சத்தம் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. கீசரின் சீறல். எது எரிகிறதோ அது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மாறாமல் இருந்தது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழுகிற தண்ணீர். ஒருவர் குளித்தால் தண்ணீர் அப்படி விழாது.

"அக்கா."

"அக்கா."

தாழ்ப்பாள் உள்ளே.

எழுத வேண்டியது இதுதான். நான் கதவுக்கு முன்னால் நின்றேன். உடனே உடைக்கவில்லை. இதுவும் மார்ச்சாக இருந்தால்? உள்ளே அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தால்? கதவை உடைத்துக்கொண்டு நான் உள்ளே விழுந்தால், அவள் அலறினால், அதன் பிறகு என்னை எந்த வீட்டில் வைப்பார்கள்? எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நின்றேன்.

பிறகு உதைத்தேன். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாவாடையை மார்போடு கட்டியிருந்தாள். தலையில் சீயக்காய். கண் பாதி திறந்திருந்தது. பார்வை இல்லை. மேலே சின்ன ஜன்னலில் என் தெர்மாகோல், மில்லிமீட்டர் பிசகாமல்.

கீசரை அணைத்தேன். அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். சமையலறை வழியாக, பின்கட்டுக்கு, ஈரத் தரையில். ஒரு கையால் அவள் வயிற்றை எதிலும் இடிக்காமல் பிடித்துக்கொண்டேனா? பிடித்துக்கொண்டதாக நினைக்கிறேன். நடந்ததா தெரியவில்லை.

கத்தினேன். கீழ்வீட்டு ஜீப் டிரைவர் அந்தோணி ஓடிவந்தார். அவர் மனைவி போர்வையோடு வந்தார். அக்கா இருமினாள். வாந்தி எடுத்தாள். "தண்ணிய நிறுத்துடா" என்றாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

இளம் டாக்டர். பெண். ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டே கேட்டார். "என்ன நடந்துச்சு?"

சொன்னேன். கீசர் மாட்டிய தேதி. ஜன்னலை அடைத்த தேதி. வாந்தி, தலைவலி, எந்தெந்த நாள். மீனின் செவுள். உள்ளே 7.7, வெளியே 8.2. என் வாயிலிருந்து எண்கள் மட்டும் வந்தன. இவர் எப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"கார்பன் மோனாக்சைடு. கேஸ் எரியற எடத்துல புகை போக வழி இல்லன்னா வர்ற விஷவாயு. கண்ணுக்குத் தெரியாது, வாசனை வராது. இன்னும் பத்து நிமிஷம் ஆயிருந்தா..." முகமூடியின் பட்டையை இறுக்கினார். "உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். அப்படி உக்காருங்க."

விஷம். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அவர் சொன்னார். மூன்று முறை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

மாமா பதினொன்றரைக்கு வந்தார். ஃபேக்டரிக் கோட்டோடு, தேயிலைத் தூசியோடு. உள்ளே போனார். வெளியே வந்தார். வராந்தாவில் எனக்கு எதிரே நின்றார். டாக்டர் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார். எண்களையும்.

"அந்த டம்ளரு, வெளிய ஏறுச்சே. எப்ப பாத்த?"

இன்று காலை என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. இன்று காலையும் பார்த்தேன்.

"நேத்து மத்தியானம்."

"நேத்தா?"

"ஆமாங்க மாமா."

"நேத்து ராத்திரி நான் உங்கூடத்தான உக்காந்து சாப்ட்டேன்."

"ஆமாங்க."

சுவரில் ஓங்கி அடித்தார். தூசி உதிர்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மாமா?"

நேராகப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மாட்டேன்" என்றார். "நம்பியிருக்க மாட்டேன். கோயமுத்தூருக்குக் காரு சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ சொல்லியிருக்கோணும். தெரிஞ்சவன் நீ. நீதான் சொல்லியிருக்கோணும்."

இந்த எட்டு மாதமாக எல்லோரும் என்னை ஒரு பாத்திரத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறார்கள். விரிசல் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று. ஊரில் அம்மா, இங்கே மாமா, கடைக்காரர், நானும். இன்று மாமா அப்படிப் பார்க்கவில்லை. செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்ட மனிதனைப் பார்க்கிற பார்வை. புத்தி தெளிவாக இருக்கிறவனை மட்டும்தான் அப்படிப் பார்க்க முடியும்.

இதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.


டிசம்பர் 21, சனி

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மாமா வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "ஜன்னல் ஒண்ணையும் மூடிறாத."

எல்லாம் திறந்து கிடந்தன. மூட்டம் கூடத்துக்குள் நடமாடியது. தொட்டியில் 19 டிகிரி. துரை ஹீட்டரின் அடியில் கிடந்தது. செவுள் 84. நிறம் இன்னும் வரவில்லை. இரண்டு கம்பளியைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது இல்லை. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்.

ஆஸ்பத்திரியில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா டீ வாங்கப் போயிருந்தார். காலையில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். இதயம் துடிக்கிறது, அசைவு இருக்கிறது, தாய்க்குத் தெளிந்த பிறகும் குழந்தையின் ரத்தத்தில் அந்த வாயு இன்னும் கொஞ்ச நேரம் தங்கும், மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்பதைப் பிறந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். இன்னும் பன்னிரண்டு வாரம்.

முகமூடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

"தெரியுதா?"

"இல்லக்கா."

"இரு. கொஞ்ச நேரமா சும்மா இருக்குது."

இருந்தேன். கைக்குக் கீழே சூடு மட்டும். வார்டில் யாருடைய குழந்தையோ அழுதது.

நேற்று முன்தினமே தெரியும் என்று அவளிடம் சொன்னேன். கதவுக்கு வெளியே நின்றதையும் சொன்னேன்.  அவள் என் கையை எடுக்கவிடவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுக்கா" என்றேன். எட்டு மாதத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்கள்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும்தாண்டா" என்றாள்.